பாறணைக்கு ஒரு பூசணிக்காய்

மோர்டன்
12.10.1993

மலரின் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்கிறேன். நீங்கள் சுகமாய் இருங்கள். நானும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ரெலிபோன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். ரெலிபோன் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. நான் எவ்வளவு மெல்லக் கதைத்தாலும் மேலே அறைக்கதவு திறக்கிற சத்தம் கேட்கும். போன மாதம் நீங்களும் நானும் போனில் சண்டை பிடித்தோமே, அன்று முழுக்க மலர் படியில் இருந்து கேட்டிருக்கிறாள். ஆகவே முத்திரை ஒட்டுகிறேன்.

மலர் சாப்பிடுகிறாள் இல்லை. பிள்ளைகள் அடம் பிடிக்கிற மாதிரி இல்லை இது. டொக்டர் இதற்கு ஒரு வருத்தத்தின் பெயர் சொல்லி, கிளினிக் ஒன்றுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பள்ளிக்கூடப் பாவாடையை நான் இரண்டு தரம் பிடித்துத் தைத்துவிட்டேன். இப்போது அதுவும் ஊசி குத்தித்தான் நிற்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை, இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள்.

எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். எனக்கு நாள் தெரியும், சொல்லத்தான் வெட்கம். போன வருடம் கந்தசஷ்டிக்கு என்னோடு தானும் விரதம் பிடிக்கப் போவதாகச் சொன்னாள். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. கோயிலில் கனகாம்பிகை அக்காவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். அவ விட்டாலும் நான் விடவில்லை, நின்றவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஏழாம் நாள் விரதம் முடித்துப் பாறணைக்குச் சோறும் கறிகளுமாய்ச் சமைத்து வைத்தேன். இரண்டு வாய் வைத்துவிட்டு, "காணும் அம்மா" என்று எழும்பினாள். அந்தக் 'காணும்' இன்னும் முடியவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை என்றாள், தைப்பூசம் என்றாள், நானும் பிள்ளை சாமிக்கு இருக்கிறாள் என்று சந்தோஷமாய் விட்டுவிட்டேன். எனக்கு விளங்கும்போது பங்குனி வந்துவிட்டது.

இதிலே ஒரு கூத்து இருக்கிறது. அவளுக்கு இப்போது சமையல் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படித்தது என்று, சுரைக்காய் மாதிரி நீளமாய் ஒரு மஞ்சள் பூசணிக்காய் வாங்கி வருவாள். பட்டர்நட் என்று பெயராம். அதைப் பிளந்து, அப்பிளும் பெயார்ஸும் வெட்டிப் போட்டு, சேஜ் என்று சாம்பல் பூத்த ஒரு இலையும் வைத்துப் போறணை அடுப்பில் வாட்டுவாள். வீடெல்லாம் மணக்கும். பிறகு எனக்கு முன்னால் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, ஒண்டும் மிச்சம் விடக் கூடாது" என்று நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். தான் விரலையும் சூப்ப மாட்டாள். எனக்குச் சட்டை இறுகுகிறது, அவளுக்குத் தொளதொளக்கிறது. நான் என்ன செய்ய?

கிளினிக்கில் சொல்கிறார்கள், தாயும் தகப்பனும் பிள்ளையோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டுமாம். என்னுடைய கையால் ஒரு வாய் தண்ணியும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போன மனுசன் நீங்கள் என்பதை அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நான் எந்த இங்கிலிஷில் சொல்வேன்? வாருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

சிவகௌரி


ஈஸ்ட் ஹாம்
15.10.1993

சிவகௌரிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட், பகலில் நித்திரை. அறையில் என்னோடு பீற்றர் என்று பாஷையூர்ப் பெடியன் ஒருவன் இருக்கிறான், நல்லவன்.

நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வருத்தம் என்றால் காய்ச்சல் இருக்க வேண்டும், நோவு இருக்க வேண்டும். எதிரிலே சோறு இருக்கச் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு பெயரும் அதற்கு ஒரு கிளினிக்கும் வைத்திருப்பது வெள்ளைக்காரனுடைய வேலை. அங்கே ஊரில் சனங்கள் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்துகொண்டு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறார்கள். பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லும். ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடும். கண்ணூறாகவும் இருக்கலாம். நீர் கோயிலில் நின்று ஊருக்கெல்லாம் பெருமை அடித்தால் வேறு என்ன வரும்?

அதோடு, பூசணிக்காய்க்குள் யாராவது அப்பிள் போடுவார்களா? பூசணிக்காய் என்றால் தேங்காய்ப்பால் விட்டு அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட வேண்டும். அந்த மணத்துக்கே பிள்ளை ஓடி வந்து சாப்பிடும். இலையும் பழமும் போட்டு வாட்டினால் எந்தப் பிள்ளைக்குத்தான் வாய் வரும்?

சத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தீர். நான் அதை ஒரு பகிடிக்குச் செய்யவில்லை. என்னுடைய அம்மா செத்த செய்தி பின்னேரமே போனில் வந்தும், நான் வேலையால் வந்து இருக்க, நீர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போட்டுத் தந்தீர். நான் கையை நக்கிச் சாப்பிட்ட பிறகு சொன்னீர். தாய் செத்துக் கிடக்க இறைச்சி தின்ற மகன் நான். மூன்று வருடமாகியும் அந்தக் கறியின் ருசி என் வாயை விட்டுப் போகவில்லை. இதை நீர் மறந்தாலும் நான் மறக்க ஏலாது.

23ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். பிள்ளைக்காக மேசையில் இருப்பேன். சாப்பிடுவது வேறு கதை.

க. கணேசலிங்கம்


மோர்டன்
25.10.1993

மலரின் அப்பாவுக்கு,

நீங்கள் வந்து போனபின் நான் இரண்டு நாள் பேனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது.

உங்கள் கடிதத்தில் பூசணிக்காய்ப் பகுதியை மட்டும் மலருக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! "அப்பாவுக்கு அப்பிடியே செய்து குடுப்பம்" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறித் தோர்ண்டன் ஹீத் போய், தமிழ்க் கடையில் தேங்காய்ப்பால் ரின்னும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்தாள். நடக்கச் சீவன் இல்லாத பிள்ளை போன தூரம் அது. சனிக்கிழமை விடியவே எழும்பிப் பூசணிக்காயைப் பிளந்தாள். தன்னுடைய அப்பிளையும் விடவில்லை, உங்களுடைய தேங்காய்ப்பாலையும் விடவில்லை. கடைசியில் தாச்சியில் கடுகு வெடிக்கவிட்டு மேலே கொட்டினாள். என்னைக் குசினிக்குள் விடவேயில்லை. சட்டி பாரம், அவளுக்குக் கை நடுங்கியது. அதனால்தான் தூக்கி வந்து மேசையில் வைத்தது நான்.

நீங்கள் அந்த மணத்தை ஒருக்கால் இழுத்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்றீர்கள்.

கடுகு தாளித்த மணம் வந்தால் அது சிவகௌரியின் கைதான் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அது பிள்ளையின் கை! மூன்று பேருக்கு மூன்று கோப்பை வைத்திருந்தாளே, மூன்றாவது யாருக்கு என்று நினைத்தீர்கள்? தனக்கு! தானும் சாப்பிடப் போவதாய் எனக்கு முதல்நாள் சொன்னாள். "அப்பா ஒரு வாய் வைச்சா நானும் ஒரு வாய் வைக்கிறன்" என்று சொன்னாள். நான் அதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாள். எங்கள் வீட்டில் சத்தியத்துக்குக் குறைவில்லையே.

நீங்கள் சொல்லிவிட்டுக் கைகட்டிக்கொண்டு இருந்தீர்கள். அவள் எழும்பி, சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் வழித்துக் கொட்டிவிட்டு, "எனக்கும் பசியில்லை" என்று மேலே போய்விட்டாள். நீங்கள் கண்டீர்கள். கண்டுவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து தண்ணீரும் தேத்தண்ணியும்தான்.

நான் அன்றைக்கு இறைச்சிக் கறி போட்டுத் தந்தது ஏன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. சொன்னால் மூன்று நாளைக்குப் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்த மனுசன், ஒரு வாய் சோறு வயிற்றுக்குள் போன பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். சட்டியில் இருந்தது அந்தக் கறிதான். பிழையென்றால் பிழைதான். ஆனால் அதைப் பிள்ளையின் தலையில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

சிவகௌரி


ஈஸ்ட் ஹாம்
27.10.1993

கௌரி,

எனக்குத் தெரியாது. சத்தியமாய்த் தெரியாது. கடுகு மணந்தது, நீர் சட்டியைக் கொண்டுவந்தீர், அவ்வளவுதான் என் மண்டைக்குள் போனது.

ஸ்டேஷனுக்கு நடந்து வந்து பிளாட்போமில் இருந்தேன். ரெயின் வந்தது, போனது. ஏற மனம் வரவில்லை, திரும்பி வரவும் முகம் இல்லை. அவள் கையைப் பார்த்தேன், கௌரி. சட்டியை எடுக்கும்போது பார்த்தேன். அது வருத்தம்தான். நான் எழுதினதையெல்லாம் விட்டுவிடும்.

நான் என்ன செய்ய வேண்டும்? நான் பெற்றோல் அடிக்கிற மனுசன், எனக்கு இந்த வருத்தத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்தக் கிளினிக் பெண்ணிடம் கேட்டு எழுதும். வேலையில் யாராவது சொக்லேற் வாங்கினாலும் எனக்கு அவளுடைய ஞாபகம் வருகிறது. மிச்சக் காசைப் பிழையாய்க் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்குகிறேன்.

அந்தப் பூசணிக்காயை எப்படி வாட்டுவது என்று அவளிடம் கேட்டு எழுதி அனுப்பும். நான் சமைத்துக் கொண்டுவருகிறேன். என் சமையலைத் தின்று பீற்றர் இன்னும் உயிரோடு இருக்கிறான். அவள் சொல்ல மாட்டாள் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கணேசலிங்கம்


மோர்டன்
3.11.1993

மலரின் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனோம். அந்தப் பெண் மலரைக் கேட்டா, "உங்கட வீட்டிலை ஆருக்கும் கோவம் வந்தா என்ன செய்வினம்?" என்று. நான் நினைத்தேன் கத்துவோம் என்று சொல்லப் போகிறாள் என்று. மலர் யோசிக்கவே இல்லை. "அவைக்குப் பசிக்காது" என்றாள். அவ எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு உண்மை! நீங்கள் கோபித்தால் கோப்பையைத் தள்ளுவீர்கள். நான் கோபித்தால் வெறும் வயிற்றோடு போய்ச் சுவரைப் பார்த்துப் படுப்பேன். அடுத்தநாள் யார் முதலில் சாப்பிடச் சொல்லிக் கேட்பது என்று இரண்டு பேரும் பார்த்திருப்போம். இவள் எங்கள் இரண்டு பேரிலும் கெட்டிக்காரியாய் வந்துவிட்டாள்.

நிறை இன்னும் இறங்கினால் ஹொஸ்பிற்றலில் மறிப்பார்களாம். மூக்கால் ரியூப் விட்டுச் சாப்பாடு கொடுப்பார்களாம். அதைக் கேட்டபிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விழுங்கினேன். நான் சாப்பிடாவிட்டால் அது அவளுக்கு வேறு மாதிரி விளங்கும்.

வருகிற 14ஆம் திகதி கந்தசஷ்டி தொடங்குகிறது. கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து நான் விடாமல் பிடிக்கிற விரதம், இந்த மூன்று வருடமும் என்ன கேட்டுப் பிடித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த வருடம் பிடிக்கப் போவதில்லை. அந்த ஆறு நாளும் மூன்று நேரமும் அவளுக்கு முன்னால் இருந்து சோறு தின்னப் போகிறேன். முருகன் கோபிக்கிறதென்றால் கோபிக்கட்டும். அவருக்கும் பசியில்லை என்று சொல்லிவிட்டு இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதை அவளிடம் சொன்னேன். "அப்பாவோ? சமைக்கப் போறாரோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், நான் எழுதினேன். காயைத் தட்டினால் வெறும் குடம் மாதிரிச் சத்தம் கேட்க வேண்டுமாம். நெடுக்காய்ப் பிளந்து, விதையை எறிந்து, வெட்டின பக்கத்தில் பட்டர் பூசி, உப்பும் மிளகுதூளும் போட்டு முதலில் தனியப் போறணையில் வைக்க வேணும். கத்தி இறங்குகிற பதத்துக்கு வந்தபிறகுதான் பழங்கள் போட வேணுமாம். முதலே போட்டால் கரைந்து கூழாகும். அப்பிள் புளிப்பான பச்சை அப்பிளாய் இருக்க வேணும். பெயார்ஸ் நன்றாய்ப் பழுத்தது கூடாது. கொஞ்சம் தேன் விடலாம். இரண்டு காம்பு தைம் இலை. சேஜ் இலையைப் பட்டரில் பொரித்துக் கடைசியில் போட வேணும், ஐந்தாறு இலை காணும். இதைச் சொல்லும்போது அவளுக்கு வாய் ஊறியதை நான் கண்டேன். விழுங்கினாள். வெறும் வாயைத்தான் விழுங்கினாள்.

பாறணை 20ஆம் திகதி, சனிக்கிழமை. அன்றைக்கு வாருங்கள்.

சிவகௌரி


ஈஸ்ட் ஹாம்
16.11.1993

கௌரி,

எல்லாம் ஆயத்தம். பட்டர்நட் என்பதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு உமக்குத் தெரியாது. ஹை ஸ்ட்ரீட்டில் எங்கள் ஆட்களின் கடைகளில் கேட்டால், "அண்ணை, நல்ல பூசணிக்காய் கிடக்கு, இதைக் கொண்டுபோங்கோ" என்கிறார்கள். கடைசியில் மார்க்கெட்டில் கிடைத்தது. அதுவும் ஒன்றைத் தட்டி, இரண்டாவதைத் தட்டி, வெறும் குடம் மாதிரிச் சத்தம் கேட்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

சேஜ் இலை பீற்றர் ஒரு கட்டு வாங்கி வந்தான். மணந்து பார்த்தேன், கற்பூரம் மாதிரி இருக்கிறது. மலர் ஐந்தாறு இலை காணும் என்று சொன்னதாய் எழுதியிருந்தீர். பிள்ளைக்குக் கஞ்சத்தனம். ஒரு கறிக்கு ஐந்தாறு கறிவேப்பிலையா போடுவோம்? நான் ஒரு பிடி போடப் போகிறேன். நல்லாய் மணக்கட்டும், அவளுக்கு ஒருக்கால் வாய் திறக்கட்டும்.

இன்னொரு விசயம். அன்றைக்கு நீரும் சமையும். சோறும் பருப்பும் ஏதாவது ஒரு மரக்கறியும் காணும். அதை நான் சாப்பிடுவேன். பிள்ளைக்கு முன்னால் சாப்பிடுவேன். அம்மா என்னை மன்னிப்பா. நீர் அன்றைக்கு ஏன் சொல்லாமல் போட்டுத் தந்தீர் என்று எழுதியிருந்ததைப் பல தரம் வாசித்தேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தோடும் சோறு தின்னலாம் என்று இப்போதுதான் படிக்கிறேன்.

பிள்ளையைக் கவனமாய்ப் பாரும். தனியப் பள்ளிக்கூடம் விட வேண்டாம்.

கணேசலிங்கம்


மோர்டன்
22.11.1993

மலரின் அப்பாவுக்கு,

இப்போது வீட்டில் ஒட்டுக்கேட்க ஒருத்தரும் இல்லை. விரும்பின சத்தத்தில் போனில் கதைக்கலாம். வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் மலர் விழுந்துவிட்டாள் என்று உங்கள் வேலைக்குப் போன் அடித்து அழுததோடு எனக்கு ரெலிபோன் வெறுத்துவிட்டது. எழுதத்தான் வருகிறது.

சனிக்கிழமை நீங்கள் அந்த ஹொஸ்பிற்றல் வார்ட்டுக்குள், வேலைச் சட்டையோடு, துவாயால் சுற்றின டப்பாவையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற கோலம் என் கண்ணை விட்டுப் போகுதில்லை. பிள்ளையின் மூக்கில் ரியூப்பைக் கண்டதும் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். மேசை இல்லை, மூன்று கோப்பை இல்லை. கட்டிலுக்கு அங்கால் பக்கம் நீங்கள், இங்கால் பக்கம் நான், நடுவிலே அவள்.

நான் கொண்டுவந்த சோற்றைத் திறந்தபோது நீங்கள் எழும்பிப் போனீர்கள். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தண்ணிக் குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து, "போடும்" என்றீர்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு என் கையால் சாப்பிட்டீர்கள். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரி, கையால் குழைத்துத் தின்கிற உங்களை வாய் பார்த்தா. உங்கள் கண்ணால் தண்ணி ஓடியது. எனக்குப் பருப்பில் உப்புப் போட்டேனா என்பதே அப்போது ஞாபகம் இல்லை. உங்கள் பூசணிக்காயை நானும் சாப்பிட்டேன். "நல்லாயிருக்கு" என்று நீங்கள் சொன்னீர்கள், "நல்லாயிருக்கு" என்று நானும் சொன்னேன். மலர் எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முதலில் உங்களுடையதை, பிறகு என்னுடையதை. "உனக்கும் ஒரு கரண்டி?" என்று கேட்டீர்கள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தீர்கள்.

மிச்சத்தை லொக்கருக்கு மேலேயே விட்டுவிட்டு வந்தோம் அல்லவா? நேற்று நான் போகும்போது டப்பா கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. தாதி கொட்டியிருப்பாள். டப்பா என்னிடம் இருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம். நான் தலை வாரி விட்டுக்கொண்டிருந்தேன். முகத்தை அங்கால் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, நான் சாப்பிடத் துவங்கினா அப்பா இனி வரமாட்டார், என்ன?"

சீப்பைப் பிடித்தபடி நின்றேன். இந்த ஒரு வருடத்தில் நீங்கள் எங்கள் வாசற்படி மிதித்தது எத்தனை தரம், எதற்காக என்று அவளுக்குத் தெரியும். அவள் நன்றாய் இருந்த காலத்தில் நீங்கள் பிறந்தநாளுக்கு ஒரு காட் போட்டீர்கள், அவ்வளவுதான். இப்போது அவள் சாப்பிடாமல் கிடக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். அவள் நிலைமையில் நான் இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"உப்பிடிக் கேக்கக் கூடாது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்ல? பொய் எழுத வேண்டாம், அவள் கண்டுபிடித்துவிடுவாள். உண்மை எழுதினால் எனக்குப் பயம். எதையாவது எழுதுங்கள்.

கௌரி


ஈஸ்ட் ஹாம்
24.11.1993

கௌரி,

திரும்பி வந்து மோர்டனில் இருக்கிறேன் என்று எழுதத்தான் முதலில் பேனை எடுத்தேன். எழுதியும் விட்டேன். பிறகு கிழித்தேன். ஒரு கிழமை நன்றாய் இருப்போம். பிறகு நீர் ஒன்று சொல்வீர், நான் ஒன்று சொல்வேன், இரண்டு பேரில் ஒருவர் பசியில்லை என்று எழும்புவோம். அவள் படியில் இருந்து பார்ப்பாள். அது உமக்கும் தெரியும்.

வரவே மாட்டேன் என்றும் எழுத ஏலவில்லை. என் பிள்ளை என்னை மறித்து வைக்கத் தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது, நான் என்ன தகப்பன்? வேலையில் காசு வாங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து அழுதேன். பெற்றோல் அடிக்க வந்தவன் காசை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

மனேஜரிடம் கேட்டுச் சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டேன். மலருக்கு இப்படிச் சொல்லும். சனிக்கிழமைகளில் அப்பா வருவார். நீ சாப்பிட்டாலும் வருவார், சாப்பிடாவிட்டாலும் வருவார், நல்ல சுகம் வந்து சிநேகிதிகளோடு படம் பார்க்கப் போய்விட்டாலும் வந்து அம்மாவோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். யார் சமைத்தாலும் சாப்பிடுவார். அவருக்குப் பசிக்கும். மிச்ச நாட்களைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இது போதாது என்று எனக்கே தெரிகிறது. என்னிடம் இருக்கிறது இவ்வளவுதான்.

அந்தப் பூசணிக்காய் கச்சது, கௌரி, அப்படி ஒரு கசப்பு. வாயில் வைத்ததும் நாக்குச் செத்துப்போனது. அந்த இலையை ஒரு பிடி போட்டது என்னுடைய மடைவேலை. நீர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டீர். அவளுக்கு முன்னால் நீர் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொல்ல வேணும் என்று நினைத்தேன்.

கணேசலிங்கம்


மோர்டன்
26.11.1993

அத்தான்,

நீங்கள் எழுதியதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மலருக்கு வாசித்தேன், கடைசிப் பகுதியைத் தவிர. பூசணிக்காய் கச்ச கதையை வாசிக்கவில்லை. கொண்டுவந்த மனுசனை ஏன் குறை சொல்ல வேணும் என்று கடிதத்தை மடித்துவிட்டேன்.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ரியூப் இன்னும் இருக்கிறது. டொக்டர்மார் ஒன்றும் வாய்விட்டுச் சொல்கிறார்கள் இல்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது கூப்பிட்டாள். "சனிக்கிழமை அப்பா வரேக்கை அந்த இலையைக் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ. போன முறை சரியாக் கச்சது" என்றாள்.

நான் அவளுக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னோம்.

பஸ்ஸில் வரும்போது பைக்குள் இருந்த அந்தக் கழுவின டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு வேறு டப்பா இருக்கிறதா தெரியாது. இல்லையென்றால் பீற்றரிடம் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். சேஜ் மூன்று இலை காணும்.

கௌரி